கேப்டன் டெட்லெஃப் பெருக்காத வாரம்

மொட்டைக் கடுதாசி எழுதினவரே, உங்களுக்குக் கை கூசவில்லையா?

"இரண்டாம் மாடி இடப்பக்க வீட்டில் கேப்டன் டெட்லெஃப் என்றொருவர் அனுமதியில்லாமல் குடியிருக்கிறார். பிப்ரவரி மூன்றாம் வாரம் அவருடைய முறை. படிக்கட்டை அவர் பெருக்கவே இல்லை. நடவடிக்கை தேவை."

இத்தனையும் எழுதினவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் கட்டிடத்தில் எட்டு வீடு. வாரம் ஒரு வீடு படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவுக் கைப்பிடியில் பலகை தொங்கும். முடித்தவர் அதை அடுத்த கதவில் மாட்டிவிட்டுப் போவார். நாற்பது வருஷமாக இதுதான் சட்டம்.

இரண்டாம் மாடியில் ரோஸ்வீதா. ஐம்பத்தாறு வயது. நில அளவை ஆபீசில் வரைபடம் திருத்துகிறவர். அவருக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னது ஐம்பதாவது வயதில்.

"அதுவரைக்கும் திமிர்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்பார்.

கேப்டன் டெட்லெஃப் அவருடைய கற்பனை நண்பர். ஆறு வயதிலிருந்து கூடவே இருக்கிறார். கடலே இல்லாத ஊரில் வந்து மாட்டிக்கொண்ட கப்பல்காரர். அதனால் எப்போதும் கொஞ்சம் சிடுசிடுப்பு. வாசல் கதவில் தன் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார் ரோஸ்வீதா.

கடுதாசி போன மறுவாரம் கட்டிட நிர்வாகி ஷாய்ஃபெலே அம்மாள் வந்து இறங்கினார். சைக்கிள் அறையில் எல்லோரையும் கூட்டிக் கடுதாசியைப் படித்துக் காட்டினார்.

"ஒப்பந்தத்துல உங்க ஒருத்தர் பேருதான் இருக்கு, ரோஸ்வீதா. ரெண்டாவது ஆளைப் பதிவு பண்ணுங்க, இல்லேன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க. ரெண்டும் நடக்கலேன்னா நீங்களே வீட்டைக் காலி பண்ண வேண்டியிருக்கும்."

ரோஸ்வீதாவின் முகம் வெளுத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக இருக்கிற வீடு. மாடிப்படி விளக்கை மாற்றியதற்கே ஒரு வாரம் தூக்கம் கெட்டவர் அவர்.

"பதிவு பண்ணப் பிறந்த தேதி கேப்பாங்களே மேடம். அவருக்கு அது கிடையாது."

"பாஸ்போர்ட்?"

"கப்பல்லயே விட்டுட்டார்."

நான் குறுக்கே புகுந்தேன். சந்தையில் பழைய சாமான் விற்று முப்பது வருஷம் பேரம் பேசின வாய், சும்மா இருக்குமா?

"மேடம், அட்டையில 'கேப்டன்'ங்கறதை அழிச்சிடறோம். வெறும் டெட்லெஃப் இருக்கட்டும். உங்களுக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம், பாதிக்குப் பாதி."

"இது சந்தை இல்ல சார்."

மூன்றாம் மாடி க்ளும்ப் தொண்டையைக் கனைத்தார். "ஆள் இருக்காரோ இல்லையோ, முறைன்னு வந்தா பெருக்கணும். அவ்வளவுதான்."

"அவருக்கு முறையே கிடையாது" என்றார் ரோஸ்வீதா. "எட்டு வீடு, எட்டு முறை. என் முறை ஜனவரி ரெண்டாவது வாரம். அடுத்தது மார்ச்."

"அப்போ பிப்ரவரியில உங்க கதவுல எப்படிப் பலகை வந்துது?" என்றார் நிர்வாகி.

"அடிக்கடி வருமே. 'கேப்டன் முறை'ன்னு சீட்டு எழுதி மாட்டிட்டுப் போவாங்க. யாருக்காவது முட்டி வலி, யாராவது ஊருக்குப் போறாங்க. நான் பெருக்கிடுவேன். பிப்ரவரியில மட்டும் நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்."

"கேப்டன் இங்கதானே இருந்தார்?" என்றார் நிர்வாகி.

"நான் எங்க போனாலும் கூட வந்துடுவார். தனியா விட்டா சமையலறை நாசம்."

யாரும் சிரிக்கவில்லை. க்ளும்ப் முட்டியைத் தடவிக்கொண்டிருந்த கையை மெதுவாக எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டார். நான் சைக்கிள்களைப் பார்த்தேன்.

நிர்வாகி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். குரல் குழந்தையிடம் பேசுகிற குரலாக மாறியது.

"ரோஸ்வீதா, கண்ணு, கேப்டன்னு ஒருத்தர் நிஜமா இல்லைன்னு உங்களுக்குப் புரியுதா?"

"ஆறு வயசுலயே தெரியும் மேடம். உண்டாக்கினதே நான்தானே. இவங்களுக்குத்தான் தெரியல. இல்லாத ஆள் தலையில வேலையைக் கட்டிட்டு, ஏன் செய்யலேன்னு உங்களுக்குக் கடுதாசி போட்டிருக்காங்க."

நிர்வாகி மூக்குக்கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு கடுதாசியை நாலாக மடித்தார். "இல்லாதவரைக் காலி பண்ண எங்க ஆபீஸ்ல ஃபாரம் கிடையாது. வீடு உங்களுது, அட்டையும் இருக்கட்டும். ஆனா பிப்ரவரியில மாட்டினது யார்னு சொல்லுங்க."

"தெரியும். கேப்டன் சொல்ல வேண்டாம்கறார். அவங்களா வந்து சொல்லட்டுமாம். கப்பல்ல அதுதான் வழக்கமாம்."

அன்றிலிருந்து ஞாயிறு சாயங்காலம் ரோஸ்வீதா வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது. க்ளும்ப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நானும் போனேன். போன நவம்பரில் இடுப்புப் பிடித்துக்கொண்டபோது பலகையை அங்கே மாட்டினவன்தான் நானும். நாலு மாடியும் பெருக்கிக் கொடுத்தேன். கேப்டன் மன்னித்துவிட்டாராம். கீழ்ப்படி ஓரத்தில் மண் இருக்கிறது என்றும் சொன்னாராம்.

மூன்று ஞாயிறு போய்விட்டது. இன்னும் நீங்கள் ஒருவர்தான் வரவில்லை. எந்தக் கதவு என்று எனக்கும் தெரியும்; என் வாய்க்கு அதிகமாக வேலை வைக்காதீர்கள். போய் மணியடியுங்கள். 'நான்தான்' என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுங்கள். ரோஸ்வீதாவிடம் சொன்னால் மட்டும் போதாது, கேப்டனிடமும் மன்னிப்புக் கேளுங்கள். அவர் நிஜம் என்று கைப்பட எழுதிக் கொடுத்தவர் இந்தக் கட்டிடத்தில் நீங்கள் ஒருவர்தானே.