பக்கத்து சீட்டு பிரேக்

செவிப்பறையைத் துளைத்து ஊசி உள்ளே போனபோது மாஸ்டர் "ஐயோ" என்றுகூடச் சொல்லவில்லை.

சொல்லக் கூடாதாம். பேசினாலோ எச்சில் விழுங்கினாலோ, தலைசுற்றலுக்குக் காதில் போட்ட மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். தலைசுற்றல் அப்படியே இருக்கும்.

டாக்டர் இதையெல்லாம் விளக்கியபோது மாஸ்டர் போனில் யாரையோ கிளட்ச் மிதிக்கத் தெரியாத ஜென்மம் என்று திட்டிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொள்ளும்படி மனைவிக்குக் கையைக் காட்டிவிட்டார். அந்த வீட்டில் கேட்பது அவள் இலாகா.

"ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாதாம், அசையக் கூடாதாம்," என்றாள் அவள்.

மருந்து போட்ட காது மேலே இருக்க, ஒருக்களித்துக் கிடந்தார். வாய் நிறைய எச்சில்.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷர். அவர் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுவது யாராக இருந்தாலும் நிறுத்துவது இவர்.

வீட்டிலும் அதே கதைதான். தையல் கடை வைக்கிறேன் என்றாள், ஒரு மிதி. தங்கை வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள், ஒரு மிதி. எனக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டபோது இரண்டு காலாலும் மிதித்தார்.

இன்றைக்கும் அவரேதான் ஓட்டிவந்தார். வழியில் இரண்டு தடவை ஓரங்கட்டி வாந்தி எடுத்தும் ஸ்டியரிங்கை விடவில்லை. அவள் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்தபடி வந்தாள்.

இப்போது அவள் கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். டிரைவிங் லைசென்ஸ். அவள் படம் போட்டது. அதுவும் எதிர்த்த தெரு டிரைவிங் ஸ்கூல்காரனிடம் கற்று வாங்கியது!

"திரும்பிப் போறப்ப நான்தான் ஓட்டுவேன்," என்று அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் மருந்து போச்சு. மருந்து போனால் பிழைப்பு போச்சு. தலை சுற்றுகிறவனை நம்பி எந்தப் பைத்தியம் காரில் ஏறும்? முறைத்தார். முறைக்கத் தடை இல்லை.

பிறகு தேற்றிக்கொண்டார். பக்கத்து சீட்டில் நான்தானே உட்காரப் போகிறேன்? தெருமுனைக்குள் பத்துத் தடவை மிதித்து, அழ அழ இறக்கிவிட மாட்டேனா?

ஒரு மணி நேரம் முடியும் சமயம் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "இன்னும் படுத்திருக்கீங்களா சார்? அரை மணி நேரம் போதும்னு அம்மாகிட்ட சொன்னேனே!"

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கார் தயாராக நின்றது. ஏறினார். ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வண்டி கிளம்பியது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

காலை ஓங்கி மிதித்தார். வெறும் தரை.

மிச்ச அரை மணி நேரம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. பின் சீட்டில், மெக்கானிக்கின் எண்ணெய்த் துணியில் சுற்றி, அவருடைய பிரேக் கிடந்தது.