செவ்வாய்க்கு ஒட்டிய பொட்டு

தண்டபாணியும் லூர்துசாமியும் போட்ட சண்டையைக் கேட்காத காது அந்த உறையூர் அடுக்ககத்தில் கிடையாது. பணத் தகராறு என்று நினைத்து ஒட்டுக்கேட்டவர்கள் ஏமாந்துபோனார்கள். செவ்வாய் கிரகத்திலிருந்து ஆய்வு ஊர்தி அனுப்பும் படங்களை டிவியில் போட்டு, அதில் தெரியும் கல்லை ஒருவர் ஆமை என்பார், மற்றவர் அம்மிக்கல் என்பார். ஞாயிறு முழுக்க இதே கச்சேரி. செவ்வாய் என்னவோ இவர்கள் பாட்டன் சொத்து மாதிரி.

பிறகு ஊர்திக்கே புத்தி வந்துவிட்டது. ஒவ்வொரு படத்தின் கீழும் அதுவே எழுதி அனுப்பியது: 'பாறை. இயற்கையாக உருவானது.' ஒருமுறைகூட அது தப்பாகச் சொன்னதில்லை. அப்புறம் எதை வைத்துச் சண்டை போட? எதிர்வீட்டு லூர்துசாமி வருவதை நிறுத்திவிட்டார். லிஃப்டில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ஞாயிறு வந்தால் தண்டபாணிக்கு வீடு பெரிதாகிப்போனது.

போன ஞாயிறு வந்த படத்தில் ஒரு கல் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. தண்டபாணி வெகுநேரம் அதையே பார்த்தார். குளியலறைக் கண்ணாடியில் மனைவி சௌந்தரம் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளை உரித்து வந்து, திரையில் படத்தின் கீழிருந்த அந்த எழுத்தை மறைத்து ஒட்டினார். போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"லூர்து, இந்த ஒட்டகத்தைக் கொஞ்சம் வந்து பாரேன்."

லூர்துசாமி வந்தார். பொட்டுகளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கண்ணு அவிஞ்சு போச்சாய்யா உனக்கு? அது வாத்து."

"வாத்துக்கு ஏதுய்யா திமில்?"

குரல்கள் பக்கத்து வீடுவரை ஏறின. சௌந்தரம் உள்ளேயிருந்து இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள். பக்கத்திலேயே ஒரு புதுப் பொட்டு அட்டையையும் வைத்துவிட்டுப் போனாள்.