தாமரை மொக்கு மூடி

"இதுவும் சேரலையே, காசிம்!"

எதிர் ஃபிளாட் வேங்கடசுப்ரமணியனின் குரல். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆனால் போதும், கதவைச் சாத்தினாலும் இது என் காதில் விழும். குரலில் துளி வருத்தம் இருக்காது. அதுதான் எனக்கு எரிச்சல்.

மனுஷருக்குப் பழைய சீனா டீ பாட் சேர்க்கிற பைத்தியம். எல்லாம் மண்ணில் செய்தது. மூங்கில் கணு மாதிரி ஒன்று, பூசணிக்காய் மாதிரி ஒன்று. குடிப்பது என்னவோ ஃபில்டர் காபி! சீனாக்காரனோடு சண்டை ஓய்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை, மாதுங்காவில் இவருக்கு இது கேட்கிறது.

அதில் தாமரை டீ பாட்டின் மூடி தொலைந்துவிட்டதாம். மூடிமேல் தாமரை மொக்கு இருக்குமாம். தாராவியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் காசிம் பாய், எட்டு மாசமாக வாராவாரம் ஒரு மூடி கொண்டுவருகிறார். ஒன்றாவது பொருந்தணுமே! ஊஹூம்.

"மாமி போயாச்சு, பிள்ளை டில்லியில. கேக்க ஆளில்லைன்னு அந்த பாய் நன்னா மொட்டை அடிக்கறார்" என்றாள் என் மனைவி ஷ்யாமளா.

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே மாடிப்படியில் பாயை மடக்கினேன்.

"பாய், போதும். தனியா இருக்கறவரை ஏமாத்தாதீங்கோ. இனிமே இந்தப் பக்கம் வர வேண்டாம்."

பாய் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "ஏமாத்தவா? ஒரு டம்ளர் காப்பிக்கு மேல நான் எதுவும் வாங்கலியே, சார்."

"அப்போ பொருந்தாத மூடியாப் பார்த்துக் கொண்டுவருவானேன்?"

அவர் மாடியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மூடி தொலையவே இல்ல, சார். காப்பிப்பொடி டப்பாவுக்குள்ள கெடக்கு. போன மாசம் அவுகளுக்குக் காய்ச்சல், எந்திரிக்க முடியல. நாந்தான் அடுக்களைக்குள்ள போயி காப்பி போட்டேன். அப்பப் பாத்தேன்."

"அவரே ஒளிச்சு வச்சிருக்காரா? எதுக்கு?"

"மூடி கெடச்சிட்டா நான் வர மாட்டேன்லா? பாவம், சார். நீங்க கேட்டுராதீக, வெக்கப்படுவாக."

காய்ச்சலா? எனக்குத் தெரியவே தெரியாதே!

ரெண்டு படி இறங்கிய பாய் திரும்பினார். "எட்டு மாசமா வாரேன், உங்கள இங்க பாத்ததே இல்லியே. நீங்க எந்த பில்டிங், சார்?"

அவர் வாராவாரம் தட்டும் கதவுக்கு எதிர்க் கதவு என்னுடையது.