கம்பி எண்ணும் மாப்பிள்ளை

"முருகேசனா? ரெண்டு வருஷமா கம்பி எண்ணிக்கினு இருக்காரே" என்றாள் எல்லம்மாள், செவிலிமேட்டில் வழி கேட்ட உமாபதியிடம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் தப்பாக இருக்காது.

உமாபதிக்கு வியர்த்தது. மகள் ஸ்ரீவல்லிக்கு ஏற்கெனவே நாலு வரன், பெண்ணின் அப்பாவைப் பற்றி விசாரித்ததும் தட்டிப்போயிருந்தது. ஐந்தாவதும் போனால் அவள் முகத்தில் விழிக்க முடியாது. மனிதர் திரும்பி ஓடவில்லை. காலரைச் சரிசெய்துகொண்டு நேராக மாப்பிள்ளை வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா மணியம்மாள் காபி கொடுத்தாள். தம்பியைப் பற்றி வெளியில் சொன்னார்கள் என்று உமாபதி இழுத்தார். அவள் அசரவில்லை.

"மறைக்க என்ன இருக்குதுங்க? தனியாவா செய்றான், ஜெர்மனியில ஒருத்தன் கூட்டு. இவன் இங்க செஞ்சு அனுப்புவான், அவன் அங்க வாங்கிப்பான்."

வெளிநாட்டுக் கூட்டு வேறா என்று உமாபதி வாயைப் பிளந்தார். ஆனாலும் அக்கறையாக விசாரித்தார். ரூமில் எத்தனை பேர், காற்று வருமா, வீட்டுச் சோற்றை உள்ளே விடுகிறார்களா என்றெல்லாம் கேட்டார். மூன்று பேர், ஜன்னலே கிடையாது, டிபன் கேரியரை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்றாள் மணியம்மாள், பெருமை பொங்க. அங்கேயும் அப்படித்தானா என்று உமாபதி உச்சுக்கொட்டினார்.

"ஆவணியில முடிச்சுட்டு வெளிய வந்துடுவான். உடனே முகூர்த்தம் வெச்சுக்கலாம்."

உமாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஏனாத்தூரிலிருந்து முருகேசனே ஸ்கூட்டரில் வந்து இறங்கினான்.

"தம்பி, உங்களை எப்படி வெளிய விட்டாங்க?"

விஷயம் விளங்க முருகேசனுக்கு ஒரு நிமிஷம் ஆனது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். பட்டு நூலை ஆயிரமாகப் பிளந்தால் எவ்வளவு மெல்லிசு, அந்த அளவில் உலோகக் கம்பிகள். ஒரு முனை சூடாகவும் மறு முனை குளிர்ச்சியாகவும் இருந்தால் சில கம்பியில் கரண்ட் வரும். சில கம்பிக்குக் காந்த குணம், அதை ஜெர்மன்காரர் சோதித்துச் சொல்வார். மைக்ராஸ்கோப் படத்தில் ஒவ்வொன்றாக எண்ணுவதுதான் இவனுடைய பிஎச்.டி.

உமாபதியின் முகம் தொங்கிப்போயிற்று. ஐந்தாவதும் போச்சு என்று முனகிக்கொண்டே மஞ்சள் பையைச் சுருட்டி எழுந்தார்.

"என்னங்க இது? ஜெயில்னு நினைச்சப்ப நல்லா உட்கார்ந்திருந்தீங்க. படிப்புன்னதும் கிளம்புறீங்களே" என்றாள் மணியம்மாள்.

உமாபதி தரையைப் பார்த்தபடி சொன்னார்: "உறியடியில சட்டிக்குப் போட்ட அடி இன்ஸ்பெக்டர் மண்டையில விழுந்து, ஆறு மாசம் உள்ள இருந்தவன்மா நான்."