பல் பதிந்த பச்சைக் குதிரை

"அண்ணாச்சி, என் குதிரையப் போலின்னு எப்படிச் சொன்னீய?"

கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி கடைக்குள் வந்தாள் ஜெஸ்லின். பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டிருந்த இசக்கித்துரை நிமிர்ந்தார்.

"வா மக்கா. பிள்ளை பெத்த பச்ச உடம்பு, இந்த வாடைக்குள்ள ஏன் வாரே? சொல்லி விட்டா நானே வந்திருப்பேன்லா."

"பேச்ச மாத்தாதீய."

சங்கரன்கோவில் ரதவீதியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் இசக்கித்துரைக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய கடல் குதிரை பொம்மைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பார். தலை குதிரை, வால் மீன். குளிக்கும்போது பிள்ளைகள் தண்ணீரில் மிதக்க விடுகிற பிளாஸ்டிக் பொம்மை. ஒரே பொம்மைதான், ஆனால் இத்தாலியில் செய்ததற்குப் பிடரி ஒரு நிறம், ஹாங்காங்கில் செய்ததற்கு வேறு நிறம். எது எந்த ஊர்ச் சரக்கு, எது போலி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். இந்தப் பொம்மைக்காரர்களுக்கு என்று இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் சொன்னால் அப்பீல் கிடையாது.

ஜெஸ்லினும் அந்தக் குரூப்பில் இருந்தாள். அவளிடம் பொம்மைகள் அதிகமில்லை. ஆனால் கிரீஸில் செய்த பச்சைக் குதிரை ஒன்று இருந்தது. குரூப்பில் வேறு யாரிடமும் அது இல்லை. கப்பலில் வேலை பார்த்த அவள் அப்பா வாங்கி வந்தது. அப்பா இப்போது இல்லை.

அவள் போனை நீட்டினாள்.

"மதுரை மகாராஜன் சார் குரூப்புல போட்டிருக்கத படிங்க. 'வால்ல பல் தடம் இருக்கிற பச்சைக் குதிரை போலின்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு. விலைக்கு வந்தா யாரும் வாங்கிராதீங்க.' நான் ஆஸ்பத்திரியில கிடக்கயில போட்டிருக்காரு. இன்னைக்குத்தான் பாக்கேன். பல் தடம் உள்ளது என் குதிரை மட்டுந்தான? பல்லு முளைக்கிற வயசுல நான் கடிச்சது அண்ணாச்சி. அது போலியா?"

இசக்கித்துரை கையைத் துணியில் துடைத்தார். "போட்டோவுல பாக்கயில அப்படித் தெரிஞ்சுது."

"போன வருசம் இதே குதிரையோட போட்டோவ நான் போட்டப்ப, 'இப்படி ஒண்ணு நம்ம ஊருல இருக்கதே பெருமை'ன்னு சொன்னது யாரு?"

இசக்கித்துரை டப்பா மூடியை மறுபடி நெம்பத் தொடங்கினார்.

"நான் சொல்லட்டா? உங்ககிட்ட கிரீஸ் குதிரை இல்ல. போலின்னு பேரு கட்டிவிட்டா, நாளைக்குச் சல்லிசா அமுக்கிரலாம். குரூப்புல ரெண்டு பேரு எங்கிட்ட அப்படித்தான் சொல்லுதாவ. நான்தான் நம்பல. இப்ப நம்புதேன்."

பிரஷ் வாங்க வந்தவர் விலை கேட்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

வெளியே பைக்கில் காத்திருந்த ஜெஸ்லினின் கணவன் செல்வமணி உள்ளே வந்தான்.

"காலையில இருந்து அழுதுக்கிட்டே இருக்கா அண்ணாச்சி. பெரிய மனுசன் நீங்க. செத்துப்போன மாமா ஆசையாக் குடுத்த பொருள். அதப் போயி இப்படிச் சொல்லலாமா? மனசாட்சி வேண்டாமா?"

இசக்கித்துரை அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். தட்டியதை ஜெஸ்லினிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார்.

'பல் தடம் உள்ள பச்சைக் குதிரை அசல். கிரீஸில் செய்தது. நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன். எல்லாரும் மன்னிக்கணும்.'

உடனே பதில்கள் வந்து விழுந்தன. ஒருவர் சிரிக்கிற எமோஜிகளை வரிசையாகப் போட்டார். 'அண்ணாச்சி, கண்ணாடி மாத்துற நேரம் வந்தாச்சு' என்றார் இன்னொருவர். 'இதுவரைக்கும் நீங்க போலின்னு சொன்ன மத்ததெல்லாம் என்ன கணக்கு?' என்று கேட்டார் மூன்றாமவர்.

இசக்கித்துரை போனைக் கவிழ்த்து வைத்தார்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று ஜெஸ்லின் எதிர்பார்க்கவில்லை. சண்டை பாதியில் நின்றுபோனது போல இருந்தது அவளுக்கு. ஆனாலும் கோபம் ஆறவில்லை.

"அப்பா ஞாபகத்துக்கு எங்கிட்ட இருக்கது அது ஒண்ணுதான். உங்கள அவரு ஸ்தானத்துல வச்சிருந்தேன். இனிமே இங்கன வரமாட்டேன்" என்றவள், குழந்தையின் தலையில் வெயில் படாமல் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு பைக்கை நோக்கி நடந்தாள்.

செல்வமணியும் திரும்பினான். இசக்கித்துரை அவன் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினார். பிரஷ் வாங்க வந்தவர் காதில் விழாதபடி தணிந்த குரலில் சொன்னார்.

"வே, பொஞ்சாதி பிரசவ வார்டுல கிடக்கயில, அவளுக்குத் தெரியாம அதப் போட்டோ எடுத்து மகாராஜனுக்கு அனுப்பி விலை பேசினீரு. வாங்கலாமான்னு அவரு எங்கிட்ட கேட்டாரு. அன்னைக்கு நான் ஒண்ணப் போலின்னு சொல்லியாகணும், ஒண்ணு உம்மள, இல்லேன்னா குதிரைய. குதிரையச் சொல்லிட்டேன்."