இரும்பு எங்கே போச்சு?

ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டுக் கிணற்றடி. துவைகல்லின் மேல் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் வெயிலில் நிற்கின்றன. இரண்டிலும் காலையில் இறைத்த கிணற்றுத் தண்ணீர்தான். ஒன்று துருவேறிச் சிவந்திருக்கிறது. சலவைப்பொடி விற்க வந்த அனீஷ் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிய மற்றொன்று சிவக்கவே இல்லை. நாகலக்ஷ்மி சிவக்காததையே முறைக்கிறாள். கொடியில் கணவரின் கோயில் வேஷ்டி பழுப்பேறித் தொங்குகிறது. "இரும்பு எங்கே போச்சு?" "வெள்ளத்துல, இந்தத் தண்ணியிலதான் உண்டு, மாமி. பொடி அதைப் பிடிச்சு வெச்சிருக்கு, துணியில ஒட்டாது." "அந்தப் பொடி எங்கே போகும்?" "பயப்படண்டா, ஒரு மாசத்துல மண்ணுல மக்கிப்போகும்." "அப்புறம் இரும்பை யார் பிடிச்சுண்டிருப்பா?" அனீஷ் சிரித்துக்கொண்டே டம்ளரைக் கவிழ்க்கக் குனிகிறான். "இங்கே கொட்டாதே." டம்ளரும் கையுமாய் முற்றத்தைச் சுற்றிப் பார்க்கிறான். எங்கே பார்த்தாலும் தரை கிணற்றுப் பக்கமே சரிந்திருக்கிறது.