இடது பக்கம் இழுக்கும் வண்டி

“வண்டி மேல கோளாறு இல்லைன்னு ஃபிரோஸ் அவன் வாயால சொல்லட்டும், சாவிய இங்கியே உன்ற கைல குடுத்தர்றேன். அதுக்கப்புறம் ஸ்டீயரிங்கத் தொடமாட்டேன். ஆனா அவன் சொல்லோணும். நீ சொல்லப்படாது.”

சொல்லிவிட்டு, சாந்தம்மாள் தலையில் கட்டியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டாள்.

மகன் ஜெகன் தலையாட்டினான். முதலமடை ரோட்டில் இருக்கும் இந்த வர்க்‌ஷாப்புக்கு அம்மாவை அழைத்து வந்ததே அந்த ஒரு வார்த்தையை வாங்கத்தான்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த அம்பாசடரை ஓட்டுகிறவள் அவள். கொல்லங்கோட்டிலிருந்து மாந்தோப்புகளுக்குப் பழம் பேக் செய்யப் போகும் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவாள். நடுவில் ஆறு மாதம் வண்டி ஷெட்டிலேயே நின்றது. மறுபடி எடுத்த நாளிலிருந்து இடது பக்கம் இழுக்கிறது. போன செவ்வாய்க்கிழமை வாய்க்கால் ஓரத்துக் கல்லை உரசிக்கொண்டு நின்றது.

“வண்டி இழுக்கலம்மா, உன்ற கைல பலமில்ல,” என்றான் ஜெகன். “முன்னாடி உக்காந்திருந்த பழனாத்தாக்கா கத்துன கத்து நம்ம ஊட்டுக்கே கேட்டுச்சு.”

“அவ பல்லியப் பாத்தாலும் அப்படித்தான் கத்துவா.”

மெக்கானிக் ஃபிரோஸ் வண்டிக்கு அடியிலிருந்து பாதி வெளியே வந்தான். வயிறு இடித்தது. மறுபடி உள்ளே போய், வேறு பக்கமாக நகர்ந்து வந்து எழுந்து நின்றான்.

“பால் ஜாயிண்ட், புஷ்ஷு எல்லாம் கெட்டியா இருக்குதுங்க்கா. டயர்ல காத்து சமம். பிரேக்கும் ஒரு பக்கமாப் புடிக்கல.” டேப்பை எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தான். “வலது முன்பக்கம் ஒன்றரை விரல் தூக்கி நிக்குது. பழைய வண்டிக்கு அது ஒரு குத்தமில்லீங்க. ஓட்டிப் பாத்தாத் தெரிஞ்சுரும்.”

“ஓட்டு. கைய உட்டுட்டு ஓட்டு. நாங்க ரோட்டுல நின்னு பாக்கறோம்,” என்றாள் சாந்தம்மாள்.

வர்க்‌ஷாப்புக்கு வெளியே ரோடு நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடந்தது. ஃபிரோஸ் தனியாகப் போனான். திரும்பி வரும்போது இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து, தலைக்கு மேல் கும்பிட்டபடியே அவர்களைத் தாண்டினான். வண்டி ஒரு சாண்கூட விலகவில்லை.

அவன் இறங்கியதும் ஜெகன் சாவியை வாங்கிக்கொண்டான். “சொல்லுங்கண்ணா. இழுக்குதா?”

ஃபிரோஸ் தலையைச் சொறிந்தான். “எனக்கு நேராத்தான் போவுதுங்க்கா.”

“கேட்டுக்கிட்டியாம்மா?”

“கேட்டேன். அவனுக்கு நேராப் போவுது. எனக்கு ஏன் போவலைன்னு அவன் இன்னும் சொல்லல.” சாந்தம்மாள் டேப்பைக் கையில் எடுத்தாள். “ஃபிரோஸு, ஏறு.”

“எங்கீங்க்கா?”

“ம்… கல்யாண மேடைல. வண்டிலதாண்டா! ஏறி ஸ்டீயரிங்கப் புடிச்சு உக்காரு.”

ஃபிரோஸ் ஏறினான். வண்டி முனகியது. அவள் தரையில் மண்டியிட்டு இரண்டு முன்சக்கரங்களையும் அளந்தாள். எழுந்திருக்க மட்கார்டைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஜெகன் கை கொடுக்க வந்தான். அவள் அந்தக் கையில் டேப்பைத் திணித்தாள்.

“படிச்ச பையன்தான நீ, நீயே பாத்துச் சொல்லு.”

அவன் குனிந்து பார்த்தான். “ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.”

“இப்ப அவன் எறங்கட்டும்.”

ஃபிரோஸ் இறங்க, அவள் ஏறி உட்கார்ந்தாள். ஜெகன் மறுபடி அளந்தான். ஒரு முறை அளந்துவிட்டு, நம்பாமல் இன்னொரு முறையும் அளந்தான்.

“வலது பக்கம் முக்கால் விரல் தூக்கியிருக்குது.”

“அப்ப வண்டி எந்தப் பக்கம் சாயும்? எந்தப் பக்கம் இழுக்கும்? இப்பச் சொல்லு, கோளாறு என்ற கைலயா?”

ஜெகன் ஃபிரோஸைப் பார்த்தான். ஃபிரோஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

“நாலு வருசத்துக்கு முன்னால முன்சக்கரத்தத் தாங்கற கம்பிய முறுக்கி உயரம் வெச்சது நான்தானுங்க. ‘ஓட்டறது நான், என்னைய உக்கார வெச்சுப் பாத்து முறுக்கு’ன்னு நீங்கதான் ஒத்தக்கால்ல நின்னீங்க. அதேமாதிரி உங்கள உக்கார வெச்சுத்தான் ரெண்டு பக்கமும் சமம் பண்ணி, அலைன்மென்ட்டும் பாத்தேன். கம்பி அன்னிக்கு வெச்ச எடத்துலயே நிக்குது.” டேப்பைச் சுருட்டினான். “வண்டில ஒரு கோளாறும் இல்லீங்க்கா.”

ஜெகனின் விரல்கள் சாவியை இறுக்கிக்கொண்டன.

“அன்னிக்கு எடை மிஷின்ல ஏறுனமே, ஞாபகம் இருக்குதா?” என்றாள் சாந்தம்மாள், ஸ்டீயரிங்கை விடாமல்.

“இருக்குதுங்க. தொண்ணூத்திரண்டு. உங்களுக்கும் எனக்கும் ஒரே…” ஃபிரோஸின் குரல் பாதியில் நின்றது.

அவள் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டாள். மொட்டைத் தலையில் புதுமுடி அரை விரல் உயரத்துக்குக் குத்திட்டு நின்றது.

“அதுல நாப்பத்தாறு கிலோவ கேன்சர் ஆஸ்பத்திரில எறக்கி வெச்சுட்டு வந்திருக்கறேன், திரும்ப ஏத்தற வரைக்கும் பேக்கிங்குக்குப் போறவளுங்க ரோட்டுல நிப்பாளுங்களா?” என்றவள் மகன் பக்கம் கையை நீட்டினாள். “ஃபிரோஸு, நீ கம்பிய எறக்கு. ஜெகா, நீ சாவியக் குடு.”